கியர் பெட்டிப் பழுதும் பாதுகாப்புக் குறைபாடே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வேலூர், காட்பாடி, இராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரங்களில் நடுத்தரக் குடும்பங்கள் புதிதாக வாங்கும் கார்களில் கிளட்ச் மிதி இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டிகள் பெருகிவருகின்றன. முழங்கால் வலியுள்ள பெரியவர்கள், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு அலுவலகம் செல்லும் பெண்கள், வயதான பெற்றோரை அடிக்கடி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவர்கள் என்று இவ்வண்டிகளை நாடுவோரின் தேவை உண்மையானது. பெயர்பெற்ற நிறுவனத்தின் வண்டி என்று நம்பிப் பத்து, பதினைந்து லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கியவர்களுள் சிலருக்கு, வாரண்டி முடிந்த சிறிது காலத்திலேயே கியர் பெட்டி பழுதாகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட செலவு தலையில் விழுகிறது. இதைத் தேய்மானம் என்று சொல்லி நிறுவனங்கள் ஒதுங்கிக்கொள்வதைப் பற்றியும், அப்படி ஒதுங்கிக்கொள்ள நமது விதிமுறைகள் இடம் கொடுப்பதைப் பற்றியுமே இக்கடிதம். ஓடும் வண்டி நடுச்சாலையில் இழுவையை, அதாவது இஞ்சினிலிருந்து சக்கரங்களுக்குச் செல்லும் விசையை, இழப்பது பிரேக் பிடிக்காமல் போவதற்கு ஒப்பான பாதுகாப்புக் குறைபாடு. வடிவமைப்பால் வந்த குறையென்றால் அதைச் சரிசெய்யும் பொறுப்பும் செலவும் தயாரித்தவருடையவை. நெடுங்காலம் பாலிடெக்னிக் மாணவர்களுக்கு இயந்திரவியல் கற்பித்தவன் என்ற முறையிலும், அத்தகைய வண்டி ஒன்றின் உரிமையாளன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

நம் ஊரில் கார் வாங்குவது தனி ஒருவர் எடுக்கும் முடிவு அன்று. மாமனார், மைத்துனர், பக்கத்து வீட்டுக்காரர், நெடுநாள் பழகிய மெக்கானிக் என்று பலரையும் கேட்ட பிறகே முன்பணம் கட்டுகிறோம். "அந்தக் கம்பெனி வண்டியா, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்று அவர்கள் சொல்லும்போது, அதற்கு ஆதாரமாக இருப்பது பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய, கையால் கியர் மாற்றும் வண்டிகளின் உழைப்புதான். ஆயில் மாற்றி, ஒருமுறையோ இருமுறையோ கிளட்ச் பிளேட் மாற்றி, இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டிகள் இம்மாவட்டத்தில் எத்தனையோ உண்டு. ஆனால் இன்று அதே சின்னத்தைத் தாங்கி வரும் ஆட்டோமேட்டிக் வண்டியின் உள்ளே இருப்பது முற்றிலும் வேறான ஓர் இயந்திரம். பல நிறுவனங்கள் இந்தப் பெட்டியைத் தாமே தயாரிப்பதுமில்லை. ஜப்பானின் ஐசின், ஜாட்கோ போன்ற நிறுவனங்கள் உலகின் பல கார் கம்பெனிகளுக்கு கியர் பெட்டிகளை வழங்குகின்றன. 2014-ல் மாருதி செலேரியோவில் வந்து நம் நாட்டில் குறைந்த விலை ஆட்டோமேட்டிக்குக்கு வழி திறந்த ஏ.எம்.டி. முறையின் (கையால் மாற்றும் கியர் பெட்டியிலேயே கிளட்சையும் கியரையும் இயக்கியால் மாற்றுவது) தொழில்நுட்பம் இத்தாலியின் மேக்னெட்டி மரெல்லி நிறுவனத்துடையது. வெளியிலிருந்து வாங்குவதில் தவறு ஒன்றும் இல்லை. எனினும், ஒரு நிறுவனம் பழைய வண்டிகளால் ஈட்டிய நற்பெயரை வைத்து, தான் நீண்டகாலம் சோதித்தறியாத ஒரு பாகத்தை விற்கும்போது, அந்த நற்பெயருக்கு உரிய பொறுப்பையும் சேர்த்து ஏற்க வேண்டும் என்று வாங்குபவர் எதிர்பார்ப்பது நியாயமே.

ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்கு முதல் எதிரி வெப்பம். டார்க் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் இஞ்சினின் விசை எண்ணெயின் வழியாகவே சக்கரங்களை நோக்கிக் கடத்தப்படுகிறது; மெதுவாக நகரும்போது கன்வெர்ட்டருக்குள் ஏற்படும் சறுக்கல் முழுவதும் சூடாக மாறி அந்த எண்ணெயில் சேர்கிறது. இரட்டைக் கிளட்ச் வண்டியிலும் ஏ.எம்.டி. வண்டியிலும் கிளட்சை மிதிக்கும் வேலையை ஓர் இயக்கி செய்கிறது. நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகரும்போது, புதிய ஓட்டுநர்கள் கிளட்சைப் பாதி மிதித்தபடி வண்டியைப் பிடித்து நிறுத்துவார்களே, அதே நிலையில் கிளட்ச் உரசிக்கொண்டே இருக்கும். படிப்படியான கியர்கள் இல்லாத சி.வி.டி. வகையில் எஃகுப் பட்டை ஒன்று இரு கப்பிகளுக்கிடையே அழுத்தத்தில் ஓடுகிறது. எண்ணெய் சூடேறி நீர்த்தால் அந்தப் பிடிமானம் குறையும். எண்ணெயின் வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது பொறியாளர்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் கணக்கு.

இந்தக் கணக்கை நம் ஊரில் பொருத்திப் பார்க்க வேண்டும். கோடையில் 40 பாகையைத் தாண்டும் வெயில் வேலூருக்குப் புதிதன்று. அந்த வெயிலில் கிரீன் சர்க்கிளைக் கடக்க நின்று நின்று நகரும் வண்டிகள், காட்பாடி ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றத்தில் வரிசையாக நிற்கும் வண்டிகள், சி.எம்.சி. மருத்துவமனைக்கு முன்னால் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து செல்லும் வண்டிகள், விடுமுறை நாளில் குடும்பம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் வண்டிகள் ஆகிய அனைத்தின் கியர் பெட்டிகளும் உரிமையாளர் கையேட்டில் 'கடும் பயன்பாடு' என்று குறிப்பிடப்படும் நிலையில்தான் வேலை செய்கின்றன. பல நிறுவனங்களின் கையேடுகளில் இந்தக் குறிப்பு பராமரிப்பு அட்டவணையின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கிறது: மிகுந்த வெப்பம், தூசு, மலைப்பாதை, நின்று நின்று ஓடும் நெரிசல் ஆகியவற்றில் ஓட்டுவோர் எண்ணெயை முன்னதாகவே மாற்ற வேண்டும் என்பது அது. வேலூரில் ஓடும் எந்த வண்டி இந்த வரையறைக்கு வெளியே நிற்கும்? ஆயினும் இங்குள்ள விற்பனை நிலையத்தில் வண்டியை ஒப்படைக்கும் நாளில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. மாறாக, 'கியர் ஆயில் வண்டியின் ஆயுள் முழுவதற்கும் போதும், மாற்றவே தேவையில்லை' என்று சொல்லி அனுப்பும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. ஜெர்மனியின் இசட்.எஃப். என்னும் கியர் பெட்டி நிறுவனம், கார் கம்பெனிகள் அவ்வாறு சொல்லி விற்கும் தன்னுடைய பெட்டிகளுக்கே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு ஆண்டுகளுக்குள் எண்ணெய் மாற்ற வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. பெட்டியைச் செய்தவர் ஒன்று சொல்ல, அதை வாங்கி வண்டியில் பொருத்தியவர் வேறொன்று சொல்வதில், யார் சொல்வதை உரிமையாளர் நம்புவது?

என் வண்டி ஏழு பேர் அமரக்கூடிய பெட்ரோல் ஆட்டோமேட்டிக். நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிட விரும்பவில்லை. என் நோக்கம் ஒரு நிறுவனத்தைத் தூற்றுவது அன்று. வாரண்டிக் காலத்திலேயே, இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது வண்டி ஒரு ஜெர்க் அடிக்கத் தொடங்கியது. சர்வீஸ் சென்டரில் சொன்னபோது, "சார், இது இந்த மாடலோட நேச்சரே அப்படித்தான், ஓட்ட ஓட்டப் பழகிடும்" என்றார்கள். மறுமுறை சொன்னபோது மென்பொருள் புதுப்பித்துத் தந்தார்கள். சில வாரங்கள் குறைந்திருந்த ஜெர்க் மீண்டும் வந்தது. அதன் பிறகு, "ஆக்ஸிலேட்டரை மெதுவா மிதிங்க சார், நீங்க ஓட்டுற விதத்துலதான் இருக்கு" என்ற பதில் கிடைத்தது. ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டில், அதாவது பணிமனையின் வேலைப் பதிவுச் சீட்டில், எழுதப்பட்ட வாசகம் ஒன்றே: 'வாடிக்கையாளர் புகார்: ஜெர்க். ஓட்டிப் பார்த்ததில் குறை காணப்படவில்லை.'

வாரண்டி முடிந்த பின்னர் ஒரு நாள், சிகிச்சைக்காக என் அக்காவை ஆம்பூரிலிருந்து வேலூருக்கு அழைத்து வந்துகொண்டிருந்தேன். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டிச் சற்றுத் தூரம் வந்ததும் இஞ்சின் சத்தம் திடீரென உயர்ந்தது. வேகமோ விழத் தொடங்கியது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இஞ்சின் மட்டுமே கத்துகிறது, வண்டியில் இழுவையே இல்லை. வலப்புறத் தடத்தில் இருந்த எனக்குப் பின்னால் சரக்கு லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி நெருங்கிக்கொண்டிருந்தது. ஓடிய வேகத்தில் மிச்சமிருந்த உந்தலைக் கொண்டு இரண்டு தடங்களைக் கடந்து ஓரம் கட்ட முடிந்ததற்குக் காரணம், அந்நேரம் நடுத்தடத்தில் வேறு வண்டி வராததுதான். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓடும் சரக்கு வண்டிகளின் வேகத்தை அறிந்தவர்களுக்கு, அந்தச் சில நொடிகளில் என்னவெல்லாம் நடந்திருக்கக்கூடும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

முன்பு குறையே இல்லை என்று எழுதிக் கொடுத்த அதே பணிமனை, இப்போது கியர் பெட்டியை முழுவதுமாக மாற்ற வேண்டும் என்று இரண்டு லட்சம் ரூபாய்க்குச் சற்றே குறைந்த மதிப்பீட்டைக் கொடுத்தது. உள்ளே பழுதான பாகத்தை மட்டும் மாற்ற முடியாதா என்று கேட்டேன். "அசெம்பிளியாத்தான் வரும் சார், தனித்தனியா பார்ட் கிடையாது" என்றார் அங்கிருந்த இளைஞர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மேலிடம் சொல்லிக் கொடுத்ததை அவர் சொல்கிறார்.

வண்டியைப் பழைய பைபாஸ் சாலையில் எனக்கு அறிமுகமான ஒரு மெக்கானிக்கிடம் இழுத்துச் சென்றோம். பெட்டியைத் திறப்பதற்கு முன் அவர் எண்ணெயை வடித்து, அதில் சிறிதை ஒரு வெள்ளைத் துணியில் விட்டுக் காட்டினார். புதிதில் தெளிந்த சிவப்பாக இருக்கும் அந்த எண்ணெய் கறுத்து, தீய்ந்த வாடை வீசியது. அடியிலுள்ள வடிகால் மூடியின் காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை படிவது இயல்பு. உலோகங்கள் ஒன்றோடொன்று உராயும் எந்தப் பெட்டியிலும் அது இருக்கும். இந்த மூடியிலோ விரலால் தடவினால் உறுத்தும் அளவுக்கு இரும்புச் சிம்புகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கிளட்ச் தட்டுகளின் உராய்வுப் பூச்சு செதில் செதிலாக எண்ணெயில் மிதந்தது. ஒரே நாளில் இப்படி ஆகாது. ஜெர்க் என்று நான் முதன்முதலாகச் சொன்ன காலத்திலிருந்தே உள்ளே சறுக்கலும் சூடும் நடந்துவந்ததற்கான அடையாளங்கள் இவை. அப்போதே யாரேனும் எண்ணெயை வடித்துப் பார்த்திருந்தால், பழுது தொடங்கிய இடத்திலேயே, வாரண்டியிலேயே அது முடிந்திருக்கும்.

இது உலகத்துக்குப் புதிய சிக்கல் அன்று. அமெரிக்காவில் குடும்ப வண்டி என்றாலே பலரும் நினைக்கும் ஹோண்டா ஒடிசி மினிவேனின் வரலாறு இதற்குத் தக்க சான்று. உறுதிக்குப் பெயர்போன ஹோண்டா, நடுவிலுள்ள ஒரு பற்சக்கரத்தைச் சுற்றி மற்றவை சுழலும், பிறர் கையாளும் கோள்வகைப் பற்சக்கர அமைப்பை விட்டு, இணை அச்சுகளைக் கொண்ட தன் சொந்த ஆட்டோமேட்டிக் பெட்டியை வடிவமைத்திருந்தது. அந்தப் பெட்டிகள் பழுதானபோது, 1999 முதல் 2001 வரையிலான ஒடிசி வண்டிகளுக்குக் கியர் பெட்டி வாரண்டியை 7 ஆண்டு அல்லது 1 லட்சம் மைல், அதாவது ஏறத்தாழ 1,60,000 கிலோமீட்டர் என்று அந்நிறுவனம் நீட்டித்தது. பின்னர் 2004 ஏப்ரலில், பிற்கால ஒடிசியோடு பைலட், ஆறு சிலிண்டர் அக்கார்டு உள்ளிட்ட ஏறத்தாழ 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இரண்டாவது கியரின் பற்சக்கரத்துக்குப் போதிய எண்ணெய் சென்று சேராததால் அது அளவுமீறிச் சூடேறி, பற்கள் சிதைந்து, பெட்டியே இறுகிவிடும் ஆபத்து இருந்தது. 15,000 மைலுக்குக் குறைவாக ஓடிய வண்டிகளில் எண்ணெய் திரும்பும் குழாயை மாற்றியமைத்து அந்தப் பற்சக்கரத்துக்குக் கூடுதல் எண்ணெய் கிடைக்கச் செய்தார்கள்; அதற்கு மேல் ஓடியவற்றில் பற்சக்கரம் சூட்டால் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்து, மாறியிருந்தால் பெட்டியையே மாற்றிக் கொடுத்தார்கள். பழுது வந்ததற்காக நான் ஹோண்டாவைக் குறைகூற இதை எடுத்துக்காட்டவில்லை. பொறியியலில் தவறு நேரும். நேர்ந்த தவறை வெப்பம், எண்ணெய், பற்சக்கரம் என்று காரணம் கூறி வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஓட்டுநரின் மேல் பழியைப் போடாமல் திரும்ப அழைத்தார்கள் என்பதே இங்கு நாம் பார்க்க வேண்டியது. அதற்கு அந்நாட்டின் சட்டமும் கண்காணிப்பும் துணையாக இருந்தன.

நம் தட்பவெப்பத்துக்கு இன்னும் நெருக்கமான செய்தி ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்துடையது. உலர் கிளட்ச் (எண்ணெயில் மூழ்காத கிளட்ச்) கொண்ட, டி.எஸ்.ஜி. என்னும் அதன் ஏழு வேக இரட்டைக் கிளட்ச் பெட்டியில் உள்ள குறைகளை 2013 மார்ச்சில் சீன அரசுத் தொலைக்காட்சி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தபின், அங்கு 3,84,000-க்கும் மேற்பட்ட வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் உலக அளவில் ஏறத்தாழ 16 லட்சம் வண்டிகளுக்கு கியர் பெட்டியின் செயற்கை எண்ணெய் மாற்றப்பட்டு, கனிம எண்ணெய் நிரப்பப்பட்டது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாடுகளில், நின்று நின்று மெதுவாகப் போகும் ஓட்டத்தில், பழைய எண்ணெயால் பெட்டியின் மின்னிணைப்பில் கோளாறு வரக்கூடும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். வெப்பம், ஈரப்பதம், நின்று நின்று ஓட்டம் என்ற மூன்றும் தமிழ்நாட்டின் எந்த நகரத்துக்குப் பொருந்தாது?

ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு நிறுவனத்தின் ஃபோகஸ், ஃபியஸ்டா, ஈகோஸ்போர்ட் வண்டிகளில் இருந்த பவர்ஷிஃப்ட் என்னும் இரட்டைக் கிளட்ச் கியர் பெட்டி குலுங்குவதாக உரிமையாளர்கள் முறையிட்டபோது, அவர்கள் ஓட்டும் விதமே காரணம் என்று நிறுவனத்தின் தரப்பில் பதில் சொல்லப்பட்டது. பெட்டியில் குறை இருப்பதை அறிந்த நிலையிலேயே அவ்வாறு நடந்துகொண்டது மனசாட்சிக்கு ஒவ்வாத செயல் என்று அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் தொடுத்த வழக்கில், 2018 ஏப்ரலில் கூட்டாட்சி நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. இங்கே பணிமனை மேசைக்கு இப்பால் நின்று நாம் நாள்தோறும் கேட்கும் அதே பதிலுக்கு, இன்னொரு நாட்டில் கோடிக்கணக்கில் அபராதம் கட்ட வேண்டியிருந்தது என்பதை நம் வாசகர்கள் அறிய வேண்டும்.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110-அ பிரிவு, சுற்றுச்சூழலுக்கோ ஓட்டுநருக்கோ பயணிகளுக்கோ சாலையில் செல்லும் பிறருக்கோ தீங்கு விளைவிக்கக்கூடிய குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்குமாறு ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுக்கிறது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஆணையின்படி நடக்காத நிறுவனத்துக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் விதிகள் ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டுமே பொருந்தும். நம் ஊரில் ஒரு குடும்பம் கடன் கட்டி முடித்து வண்டி முழுதும் தன்னுடையதாகும் நேரத்தில் அந்தக் காலம் முடிந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய இடர்ப்பாடு, கியர் பெட்டிப் பழுதைப் பாதுகாப்புக் குறைபாடாகக் கருதும் மனநிலை இங்கு இல்லாதது. ஏர்பேக், பிரேக், ஸ்டியரிங் என்றால் உடனே திரும்ப அழைக்கும் நிறுவனங்கள், நெடுஞ்சாலையில் இழுவை அற்றுப்போவதை வண்டியின் 'செயல்திறன்' சார்ந்த சிறு குறையாகவே வைத்துக்கொள்கின்றன. ஓடும்போது இழுவையை இழப்பதும், தானாக நியூட்ரலுக்குப் போவதும், பெட்டி இறுகி சக்கரம் பூட்டிக்கொள்வதும் 110-அ பிரிவின்படி குறைபாடுகளே என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஐயத்துக்கு இடமின்றி அறிவிக்க வேண்டும்.

அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, வாகன நிறுவனங்கள் தங்களுக்கு வரும் வாரண்டிக் கோரிக்கைகள், புகார்கள் பற்றிய விவரங்களை அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பிடம் குறித்த காலத்தில் கொடுக்க வேண்டும். விற்பனையாளர்களுக்கு நிறுவனம் அனுப்பும் பழுதுநீக்கச் சுற்றறிக்கைகளும் அந்த அமைப்புக்குப் போக வேண்டும். பொதுமக்கள் அவற்றைப் பார்க்கலாம். நம் நாட்டில் அந்தச் சுற்றறிக்கைகள் பணிமனைக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. ஒரு மாடலில் இன்ன கியரில் இன்ன கோளாறு வருகிறது, இன்ன மென்பொருளைப் போடுங்கள், அதற்கும் சரியாகாவிட்டால் இன்ன பாகத்தை மாற்றுங்கள் என்று நிறுவனம் தன் கிளைகளுக்கெல்லாம் எழுதியிருக்கும். அதே மாடலை வைத்திருக்கும் உரிமையாளரிடமோ, இப்படி ஒரு புகாரை இப்போதுதான் கேட்பதாகச் சொல்லப்படும். உரிமையாளர் தம் வண்டி ஒன்றை மட்டுமே அறிவார். நாடு முழுதும் எத்தனை பெட்டிகள் மாற்றப்பட்டன என்பதை நிறுவனம் மாதந்தோறும் அறியும். இந்த அறிவு ஒரு பக்கத்தில் மட்டுமே குவிந்திருக்கும்வரை, எந்த வாடிக்கையாளராலும் தம் வாதத்தை மெய்ப்பிக்க முடியாது. சுற்றறிக்கைகளை வெளியிட வைப்பதற்கு அரசுக்குப் பெருஞ்செலவு ஆகாது.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். போகலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வண்டியை வாங்கியது சென்னையிலோ பெங்களூரிலோ ஆனாலும், நாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்க வகை செய்திருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 10 முதல் 20 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். வேலூர் மாவட்டவாசி இதற்காக வேறெங்கும் அலைய வேண்டியதில்லை. சிரமம் அதற்குப் பிறகு தொடங்குகிறது. தயாரிப்பிலேயே குறை இருந்தது என்பதைத் தொழில்நுட்ப வல்லுநரின் அறிக்கையைக் கொண்டு மெய்ப்பிக்க வேண்டிய சுமை நம் தலையில் விழுகிறது. உணவுப் பொருளைப் புட்டியில் அடைத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். ஒன்றரை டன் எடையுள்ள வண்டியை எங்கே அனுப்புவது? ஒரகடத்தில், நமக்கு எட்டும் தொலைவிலேயே, அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. வாகன வழக்குகளில் அத்தகைய மையத்தின் வல்லுநர்களை மாவட்ட ஆணையங்கள் நியாயமான கட்டணத்தில் அழைத்துக்கொள்ள ஒரு நிலையான ஏற்பாடு செய்யப்பட்டால், இன்று வழக்கைப் பாதியில் கைவிடும் பலர் கடைசிவரை போராடுவார்கள்.

வண்டியே ஒரு சாட்சி என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கியர் பெட்டியைக் கட்டுப்படுத்தும் கணினி, எண்ணெயின் வெப்பநிலை, கிளட்ச் சறுக்கல் போன்றவற்றைக் கண்காணித்துக்கொண்டே இருக்கிறது. கோளாறு கண்டால் அதற்குரிய குறியீட்டைச் சேமித்துவைக்கிறது. பணிமனையில் ஸ்கேனரை மாட்டும்போது அந்தக் குறியீடுகள் அவர்கள் கண்முன் தெரிகின்றன; பிறகு அழிக்கப்படுகின்றன. அழிப்பதற்கு முன் அவற்றை அச்சிட்டு ஜாப் கார்டோடு இணைத்து உரிமையாளரிடம் கொடுக்க வேண்டும் என்று விதி வந்தால், 'குறை காணப்படவில்லை' என்று எழுதுவது அவ்வளவு எளிதாக இருக்காது. அதைப் போலவே, வாரண்டிக் காலத்தில் ஒருமுறை பதிவான கியர் பெட்டிப் புகார், வாரண்டி முடிந்தபின் முற்றிப் பழுதானால், அது வாரண்டிக்குள் நேர்ந்த பழுதாகவே கொள்ளப்பட வேண்டும். நோயை முதல் நாளில் சொன்னவனிடம், கடைசி நாளின் தேதியைக் காட்டிக் கட்டணம் கேட்பது எந்த வகையிலும் முறையாகாது.

பழுதுபார்க்கும் உரிமை இதோடு பிணைந்தது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் கருவிகளையும் வெளிச் சந்தைக்குக் கிடைக்காமல் வைத்திருந்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அந்த ஆணை பின்னர் மேல்முறையீடுகளுக்குப் போனது. ஆனால் ஆணையம் சுட்டிக்காட்டிய நிலை இன்னும் பெரிதாக மாறவில்லை என்பதற்குப் பழைய பைபாஸ் சாலையின் பணிமனைகளே சாட்சி. அங்கே இருப்பவர்கள் கைத்திறனில் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர். கிளட்ச் தட்டுகளும் சீல்களும் மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டு வால்வுகளும் தனித்தனியே கிடைத்தால், இரண்டு லட்சம் ரூபாய் வேலையை அதில் ஒரு பகுதித் தொகைக்கு அவர்கள் செய்து கொடுப்பார்கள். என் வண்டிக்கு உரிய தட்டுத் தொகுதியை அந்த மெக்கானிக் டெல்லியிலிருந்து வரவழைத்தார். வண்டி இப்போது ஓடுகிறது. நிறுவனம் தனித்தனியாகக் கிடையாது என்று சொன்ன பாகம், நாட்டின் இன்னொரு முனையில் ஒரு கடையில் கிடைத்தது.

உரிமையாளர்களின் பங்கையும் மறைக்கக் கூடாது. ஏற்றத்தில் நிற்கும்போது பிரேக்கை விட்டு ஆக்ஸிலேட்டராலேயே வண்டியைப் பிடித்து நிறுத்துவது, வண்டி முழுவதும் நிற்கும் முன் ரிவர்ஸ் போடுவது, சர்வீஸைத் தள்ளிப்போடுவது ஆகியவை எந்தப் பெட்டியையும் கெடுக்கும். ஆனால் இவற்றைச் செய்யாதீர்கள் என்று தமிழில், தெளிவாக, வண்டி ஒப்படைக்கும் நாளில் சொல்லித் தருவது விற்பவரின் கடமை. கார் விற்பனைக் கூடத்தில் தொடுதிரையையும் சன்ரூஃபையும் விளக்குவதற்குச் செலவிடும் நேரத்தில் ஒரு சிறு பகுதி இதற்குப் போதும்.

பாகாயத்தில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் இருப்பதால், முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இரு கால்களும் இயங்காத பலரை இவ்வூர் நேரில் அறியும். கைக்கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தி அவர்களால் தாமே ஓட்டக்கூடிய வண்டி பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் வண்டிதான். அப்படி ஒருவர் தனியாக ஓட்டிச் செல்லும்போது நெடுஞ்சாலையில் இழுவை அற்றுப்போனால், இறங்கி ஓரமாகப் போய் நிற்கவும் அவரால் இயலாது. கியர் பெட்டிப் பழுது வசதிக் குறைவு சார்ந்தது, உயிருக்கு ஊறு விளைவிப்பதன்று என்று வாதிடுவோர் இவர்களை எண்ணிப் பார்க்கட்டும்.

திரும்ப அழைக்கும் விதிகளின்படி, ஒரு மாடலின் ஆண்டு விற்பனையோடு ஒப்பிட்டு, வரும் புகார்களின் எண்ணிக்கை ஒரு வரம்பைத் தாண்டினால் அரசின் விசாரணை தொடங்கும். ஆகவே, வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் இத்தகைய பழுதுக்கு ஆளான உரிமையாளர்கள் தங்கள் வருத்தத்தை வீட்டுக்குள் பேசி முடித்துவிடாமல், மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதற்கென நடத்தும் இணையதளத்தில் வண்டி எண்ணோடு பதிவு செய்ய வேண்டும்; தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் முறையிட வேண்டும். ஜாப் கார்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஜெர்க், சறுக்கல், தாமதமாகக் கியர் விழுதல் என்று நீங்கள் சொல்வதை உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லிப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். என்னிடமுள்ள ஜாப் கார்டுகளின் நகல்களையும், பெட்டியிலிருந்து எடுத்த எண்ணெய், காந்த மூடி ஆகியவற்றின் படங்களையும் இணைத்து நான் என் புகாரைப் பதிவு செய்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயந்திரவியல் விரிவுரையாளர்,
சத்துவாச்சாரி, வேலூர்.